பாலத்துக்குப் பாலம் ஒரு டிக் டிக்

கொள்ளிடத்தின் நீண்ட பாலத்தைக் கடந்து, சீர்காழியையும் ஆக்கூரையும் பின்னே விட்டு, சமுத்திரக் கரையை ஒட்டித் தெற்கு நோக்கிச் செல்லும் பாதையில் பிரயாணம் செய்கிறவர் எவரும் முதலில் கவனிக்கிற விஷயம், அந்தப் பாதையில் சாலையைக் காட்டிலும் பாலங்களே அதிகமோ என்று தோன்றும்படி, ஒரு பாலத்தில் ஏறி இறங்கிச் சற்று நிதானிப்பதற்குள் அடுத்த பாலம் எதிரே வந்துவிடுவதுதான். குடகில் பிறந்து முக்கொம்பு வரையில் ஒரே பிரவாகமாக வந்த காவிரி, அதற்குமேல் தன்னைப் பல கிளைகளாகப் பகிர்ந்துகொண்டு, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பெயரைத் தந்து கிழக்கே கடலுக்கு அனுப்பிவைக்கிறது. வடக்கு தெற்காகப் போகும் சாலையோ அந்தக் கிளைகள் அத்தனையையும், அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் வடிகால்கள் அத்தனையையும், ஒன்று விடாமல் குறுக்கே தாண்டித்தான் ஆகவேண்டும். சிலவற்றில் கரை தளும்ப நீர் ஓடும். சிலவற்றில் மணலும் நாணலும் மட்டுமே இருக்கும். இன்னும் சிலவற்றில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடப்பதால், கீழே தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது ஊகத்துக்கு விடப்பட்ட காரியம். பஸ்ஸில் போகிறவருக்கு இந்தப் பாலங்கள் வெறும் குலுக்கல்கள். சொந்தக் காரில், அதுவும் வயது முதிர்ந்த ஒரு காரில் போன எனக்கு, அவை ஒவ்வொன்றும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டுப் போன விருத்தாந்தத்தைத்தான் இங்கே எழுதப் புகுந்திருக்கிறேன்.

கார், மார்க் 4 அம்பாஸடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் உருவத்தை வாங்கிக்கொண்டு, கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் பிறவியெடுத்து, மந்திரிகளையும் கலெக்டர்களையும் கல்யாண மாப்பிள்ளைகளையும் சமபாவத்தோடு சுமந்து, 2014இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியை நம் நாட்டில் யாருக்கும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. அதன் பானெட்டுக்குள் இருக்கும் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. வால்வுகள் தலைமேல் இருக்க, அவற்றை இயக்கும் கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்குக்குள் இருப்பதால், கீழே எழும் தள்ளுதலை நீண்ட புஷ் ராடுகள் மேலே கொண்டுபோக, அங்கே ராக்கர்கள் என்ற சிறு நெம்புகோல்கள் அதைத் திருப்பி வாங்கி வால்வை அமுக்கித் திறக்கின்றன. ராக்கரின் மூக்குக்கும் வால்வின் தலைக்கும் நடுவே, ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் பதினைந்து கூறு இடைவெளி இருக்கவேண்டும் என்பது இந்த எஞ்சினின் விதி. பட்டறைப் பாஷையில் பதினைந்து தவ். இந்த இடைவெளி குறைந்துபோனால், சூட்டில் நீளும் வால்வு முழுக்க மூடமாட்டாமல் கருகும். கூடிப்போனாலோ, மெல்லப் படிந்து அமுக்கவேண்டிய ராக்கர், ஓங்கித் தட்டத் தொடங்கிவிடும். அந்தத் தட்டலுக்குத்தான் டேப்பெட் சத்தம் என்று பெயர்.

சீர்காழியைத் தாண்டிச் சிறிது தூரம் போன பிறகு, ஒரு வாய்க்கால் பாலத்தில் ஏறும் சமயத்தில், ஆணியால் தகரத்தைச் சுண்டினாற்போல, முன்பக்கத்திலிருந்து 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் புறப்பட்டது. பாலம் முடிந்ததும் அதுவும் முடிந்தது. அடுத்த பாலத்தில் மறுபடியும் அதே சத்தம், அதே நிசப்தம். கூட வந்த நண்பர், உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எந்த நிகழ்ச்சிக்கும் காரணம் கற்பிக்காமல் இருக்கமாட்டாதவர், பாலத்தின் மேட்டில் ஏறுவதால் எஞ்சினுக்குச் சிரமம் உண்டாகிறது என்று முதலில் சொன்னார். மேடே இல்லாத ஒரு மதகின்மேலும் அது கேட்டபோது, டயரின் பள்ளத்தில் கல் மாட்டியிருக்கும் என்று சித்தாந்தத்தை மாற்றினார். வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்த்ததில், வாஸ்தவமாகவே வலதுபக்கச் சக்கரத்தில் ஒரு ஜல்லிக்கல் அகப்பட்டது. திருப்புளியால் நெம்பி எடுத்துப் போட்டார். வெற்றிப் பெருமிதத்தோடு ஏறி உட்கார்ந்தார். அடுத்த பாலத்தில் சத்தம் வந்தது. அதற்குப் பிறகு அவர் பூலோகத்துக் காரணங்களை விட்டுவிட்டு, தமக்கு ஏழரை நாட்டுச் சனி நடப்பதையும், அதற்காகத்தான் திருநள்ளாற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதையும் ஞாபகப்படுத்தினார். சனி உமக்குத்தானே, வண்டிக்கு ஏது ராசி என்று கேட்டேன். வண்டியில் உட்கார்ந்திருப்பது நான்தானே என்றார்.

திருக்கடையூரில் காபிக்கு நின்றோம். அறுபது நிறைந்தவர்கள் மாலையும் கழுத்துமாக மறுபடி தாலி கட்டிக்கொள்ள வரும் அந்த ஸ்தலத்தின் வீதியில், நாற்பதைத் தாண்டிய என் வண்டியைச் சுற்றி, வாடகைக் கார் ஓட்டிகள் சிலர் கூடிவிட்டார்கள். பழைய காரின் பானெட்டைத் திறந்து வைத்தால் அபிப்பிராயம் சொல்ல ஆள் தேடவேண்டியதில்லை. டேப்பெட்தான், பட்டென்று அட்ஜஸ்ட் செய்துவிடலாம் என்றார் ஒருவர். பேரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கவேண்டும் என்றார் மற்றொருவர். ஃபேன் பெல்ட் நார் விட்டு எங்கோ அடிக்கிறது என்றார் மூன்றாமவர். மூவரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள்: ஒருவராவது அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை. ஏனென்றால், நிறுத்திக் கிளப்பிய எஞ்சின், அவர்கள் பேசிக்கொண்டிருந்த வரையில், குற்றம் குறை சொல்ல இடமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வியாதிக்கே உரிய கஷ்டம் இதுதான். எப்போதும் இருக்கும் சத்தத்தைக் கண்டுபிடிப்பது சாமானியக் காரியம். வந்து வந்து போகும் சத்தமோ, வைத்தியரைக் கண்டதும் காய்ச்சல் இறங்கிவிடும் குழந்தையின் கேஸ். புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் வேறோர் ஊரின் பட்டறையில் இதே சத்தத்தைப் பிரஸ்தாபித்தபோது, அங்கே இருந்தவர் காது கொடுத்துக் கேளாமலே, வயசான வண்டி அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, வழக்கமான ஆயிலை வடித்துவிட்டு அதைவிடக் கனமான ஆயிலை ஊற்றி அனுப்பியிருந்தார். அந்தச் சிகிச்சையின் குணம் பிற்பாடுதான் விளங்கியது.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, பொறையாற்றைத் தாண்டி நண்டலாற்றைக் கடந்தால், பூவம் என்ற கிராமத்தில் காரைக்கால் பிரதேசம் ஆரம்பமாகிவிடுகிறது. மண்ணும் வயலும் தென்னையும் மாறவில்லை, பேச்சும் மாறவில்லை, மாறுவன எண்பலகையில் 'பி.ஒய். 02' என்ற எழுத்துக்களும், போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியும், எல்லையில் நெருங்கி நிற்கும் மதுக்கடைகளும், பெட்ரோலின் விலையுந்தான். இங்கே வரி குறைவாதலால் தமிழ்நாட்டு வண்டிகள் டாங்கியை நிரப்பிக்கொண்டு போவது வழக்கம். நாங்களும் வழக்கத்தை மீறவில்லை. தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து 1739இல் பிரெஞ்சுக்காரர் பெற்ற இந்தச் சிறு நிலத்தை, இங்கிலீஷ்காரர் பலமுறை பறித்துக்கொண்டு, பாரிஸ் உடன்படிக்கையின்படி கடைசியாக 1817இல் திருப்பித் தந்தார்கள். 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் சட்டப்படியான கைமாற்றம் பூர்த்தியாயிற்று. இவ்வளவு சரித்திரத்துக்கும் ஊரில் மிச்சமிருக்கும் சாட்சியங்களில், நேர்கோட்டில் வகுத்த வீதிகளும், வீதியை ஒட்டி இருபுறமும் எழும்பிய உயர்ந்த மதில்களும் முக்கியமானவை. அந்த மதில்கள் என் காரியத்துக்கு உதவப்போகின்றன என்று அப்போது எனக்குத் தெரியாது.

அரசலாற்றுப் பாலத்துக்கு அப்பால், நிரவி போகிற வழியில், பழைய வண்டிகளுக்கென்றே ஒருவர் இருக்கிறார் என்று பெட்ரோல் பங்கில் சொன்னார்கள். பட்டறை என்பது ஒரு வேப்பமரமும், அதன்கீழ் ஒரு தகரக் கொட்டகையும், கொட்டகைக்குள் கழற்றிப்போட்ட இரண்டு எஞ்சின்களும். பட்டறைக்காரரை ஊரில் எல்லோரும் பாய் என்றே அழைக்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். எழுபதை நெருங்கும் வயது, வெள்ளைத் தொப்பி, கண்ணாடியைக் கயிற்றில் கோத்து மார்பில் தொங்கவிட்டிருந்தார். வண்டியைக் கண்டதும் பானெட்டின் பக்கம் போகாமல், மரத்தடிப் பெஞ்சியைக் காட்டி, உட்காருங்க என்றார்.

"சத்தம் எப்ப வருதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க சார். எப்ப வரலைங்கறதைச் சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். "காலையில கிளப்பறப்ப வரலை, பாய். சீர்காழி தாண்டினதும் ஆரம்பிச்சுது. பாலத்துல மட்டும் வருது."

"பாலத்துலயா?" என்று முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு சுவாரசியம் தோன்றியது. "வேகமாப் போறப்ப?"

"கேக்கலை."

"கிளச்சை மிதிச்சா நிக்குதா?"

"பார்க்கலை."

"ஆயில் லைட் எரிஞ்சுதா?"

"எரியலை."

இப்படியாக ஒரு கால்மணி நேரம் கேள்விகளிலேயே போயிற்று. இதற்குள் நண்பருக்குப் பொறுமை போய்விட்டது. பானெட்டையாவது திறக்கச் சொல்லக்கூடாதா என்று என் காதைக் கடித்தார். பாய் அதைக் கேட்டுவிட்டு, "திறந்தா உள்ள என்னா இருக்கும்னு எனக்குத் தெரியுமுங்க. நீங்க சொல்றதுதான் எனக்குத் தெரியாது" என்றார். அதற்குமேல் நண்பர் வாய் திறக்கவில்லை.

பாலத்தின் மர்மத்தை அவர் அவிழ்த்த விதம் எனக்கு இன்றும் ஆச்சரியமாகவே இருக்கிறது. வண்டியை அவரே எடுத்துக்கொண்டு, எங்களையும் ஏற்றிக்கொண்டு, கண்ணாடிகளை எல்லாம் இறக்கச் சொல்லி, நகரத்துக்குள் மதில்கள் நெருங்கிய ஒரு பழைய வீதியில் இரண்டாவது கியரில் மெல்லச் செலுத்தினார். மதில் உள்ள இடமெல்லாம் 'டிக் டிக்' என்று சத்தம் எழுந்தது. மதில் முடிந்து திறந்த வெளி வந்ததும் மறைந்தது. மறுபடி மதில், மறுபடி சத்தம். சத்தம் எஞ்சினை விட்டு ஒரு கணமும் போகவில்லை. திறந்த வெளியில் அது நாற்புறமும் சிதறிக் காற்றோடு போய்விடுகிறது. பக்கத்தில் சுவர் இருந்தால் அதில் மோதித் திரும்பி ஜன்னல் வழியே நம் செவிக்கு வந்துசேருகிறது. பாலத்துக்குப் பாலம் நாங்கள் கேட்டது, பாலங்களின் கைப்பிடிச் சுவர்கள் திருப்பி அனுப்பிய சத்தத்தைத்தான்! பாலத்தில் ஏறும்போது வேகத்தைக் குறைப்பதும் அதற்குத் துணைசெய்தது. காவிரியின் கிளைகள் இவ்வளவு இல்லாத வேறொரு சீமையில் பிரயாணம் செய்திருந்தால், இந்தச் சத்தம் இன்னும் பல காலம் எனக்கு மறுபடி கேட்காமலே இருந்திருக்கும்.

ஆகவே வியாதியில் பாதி எங்கள் செவியில் இருந்தது என்று ருசுவாயிற்று. மற்றப் பாதி, அதாவது காலையில் ஏன் வரவில்லை என்பது, எஞ்சினைச் சேர்ந்தது. அதற்கான பரீக்ஷைகளைப் பாய் அன்று அந்தி சாய்ந்த பிறகு தொடங்கினார். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று படிந்த பிளக் ஒயர்களின் ரப்பர் வெடித்து, அந்த வெடிப்பு வழியாக மின்சாரம் பக்கத்து இரும்புக்குத் தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு 'டிக்'. பகலில் அது கண்ணுக்குத் தெரியாது. கொட்டகையின் விளக்கை அணைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, கையால் ஒயர்களின்மேல் தண்ணீரைத் தெளித்தார். நீலப்பொறி ஒன்றும் காணப்படவில்லை. பிறகு பட்டறைப் பையனைக் கூப்பிட்டு, நனைத்த சாக்கைச் சைலன்ஸர் வாயில் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பேக்கிங் ஓட்டையாகியிருந்தால், வெளியேற வழியில்லாத புகை அந்த ஓட்டை வழியே முன்னைவிடப் பலமாகத் தட்டிக்கொண்டு வரும். சத்தத்தில் மாறுதல் இல்லை. தவிரவும், பேக்கிங் ஓட்டையின் லக்ஷணம் இதற்கு நேர்மாறானது: ஆறியிருக்கும்போது தட்டும், இரும்பு சூடேறி விரிந்ததும் அடைபட்டு ஓயும். என் வண்டியோ ஆறியபோது மௌனம், சூடேறினால் பேச்சு. அடுத்து, பிளக் ஒயர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். பேரிங்கிலோ பிஸ்டனிலோ கோளாறு இருந்தால், அந்தச் சிலிண்டர் வேலை நிறுத்தம் செய்ததும் சத்தம் தணியும். இங்கே தணியவில்லை. எஞ்சினை இறக்கச் சொன்ன திருக்கடையூர்க்காரரின் தீர்ப்பு இத்தோடு தள்ளுபடியாயிற்று.

அப்புறந்தான் அவர் தம்முடைய பிரதான ஆயுதத்தை எடுத்தார். ஒரு முழத்துக்குக் குறையாத நீளமுள்ள, மரப்பிடி போட்ட திருப்புளி. அதன் இரும்பு நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதுக் குழிக்கு முன்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். பெட்ரோல் பம்பின்மேல் வைத்தார். கேம் ஷாஃப்ட்டால் இயங்கும் அதுவும் இதே தாளத்தில் தட்டக்கூடியதுதான். டைனமோவின்மேல் வைத்தார். பிளாக்கின் பக்கவாட்டில், பிறகு மேலே வால்வு மூடியின்மேல், முன்னிருந்து பின்னாக அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். பிறகு என்னையும் கேட்கச் சொன்னார். வெளியே நின்றால் ஒரே இரைச்சலாக இருக்கும் எஞ்சின், அந்த இரும்புக் கம்பி வழியாகக் கேட்கும்போது, அறை அறையாகப் பிரிந்துவிடுகிறது. ஓரிடத்தில் ஆயில் பீச்சும் சலசலப்பு, ஓரிடத்தில் சங்கிலியின் உரசல், வால்வு மூடியின் பின்பாதியில் ஓர் இடத்தில் மட்டும் சுளீர் என்று காதைக் குத்தும் அந்த 'டிக்'. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுத்தான் சுற்றும். ஆகவே வால்வின் தட்டல் எஞ்சினின் வேகத்தில் பாதிதான் இருக்கும் என்று சொல்லி, விரலால் பானெட்டில் தாளம் போட்டுக் காட்டினார். எனக்கு அந்தக் கணக்குப் புரிந்ததேயொழிய, காதுக்கு அவ்வளவு சூக்ஷ்மம் எட்டவில்லை.

பாயின் திருப்புளி எனக்கு வைத்தியர்களின் ஸ்டெதாஸ்கோப்பை ஞாபகப்படுத்தியது. ரெனே லானெக் என்ற பிரெஞ்சு வைத்தியர், பாரிஸின் நெக்கர் ஆஸ்பத்திரியில், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி அதன் வழியே இருதயத்தின் ஒலியைக் கேட்டது 1816இல். பிறகு அவர் மரத்தினால் ஒரு குழல் கடைந்து, நோயாளி உயிரோடிருக்கும்போது தாம் செவியால் கேட்டதையும், இறந்தபின் அறுத்துக் கண்ணால் கண்டதையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, 1819இல் பெரிய கிரந்தமாக வெளியிட்டார். அவர் குழலைச் சுருட்டியதற்கு அடுத்த வருஷந்தான் அவருடைய தேசத்தார் காரைக்காலை இங்கிலீஷ்காரரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பாய் லானெக்கைக் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. ஆனால் இருவருடைய சாஸ்திரமும் ஒன்றே என்பது என் அபிப்பிராயம்: அறுப்பதற்கு முன்னால் கேட்பது, கேட்டதை, அறுத்தபின் கண்டதோடு சரிபார்த்து அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்வது. நூற்றுக்கணக்கான எஞ்சின்களைத் திறந்து பார்த்த பிறகே ஒருவன் ஒரு எஞ்சினைத் திறக்காமல் பார்க்கத் தகுதி பெறுகிறான்.

மறுநாள் காலையில் ஆறிய எஞ்சினைக் கிளப்பினார்கள், சத்தம் இல்லை. சூடேறச் சூடேற, நிதானமாக அது வந்து சேர்ந்தது. ஆயிலைச் சோதிக்கும் கம்பியை உருவி, நுனியிலிருந்து சொட்டிய ஆயிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்துவிட்டு, "இதை யாரு ஊத்துனது?" என்று கேட்டார் பாய். கனமான ஆயில் ஆறியிருக்கும்போது தேன்போல் தடித்து, ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே மெத்தையாகக் கிடந்து தட்டலை விழுங்கிவிடுகிறது. ஒரு மணி நேரம் ஓடிச் சூட்டில் நீர்த்த பிறகு அந்த மெத்தை மெலிந்துபோக, உள்ளே இருந்த சத்தம் வெளியே கேட்கிறது. முன்னே எப்போதும் இருந்த சத்தத்தை, வந்து வந்து போகும் சத்தமாக மாற்றியதுதான் பழைய பட்டறைக்காரர் செய்த வைத்தியம். நோய் அப்படியே இருக்க, நோயின் குறியை மட்டும் மறைத்துவைப்பதைப்போல் கெடுதலான உபகாரம் வேறில்லை.

வால்வு மூடியைக் கழற்றி, எஞ்சினை ஸ்லோவில் ஓடவிட்டு, ஃபில்லர் கேஜின் மெல்லிய தகட்டை ஓடிக்கொண்டிருக்கும் ராக்கர்களின் மூக்குக்கு அடியில் ஒவ்வொன்றாக நுழைத்தார். ஐந்து ராக்கர்களில் ஒரு மாறுதலும் இல்லை. முன்பக்கத்திலிருந்து ஆறாவதில் தகடு நுழைந்ததும், சத்தம் கத்தரித்தாற்போல நின்றது. தகட்டை எடுத்தால் திரும்ப வந்தது. எஞ்சினை நிறுத்தி அதே ராக்கரை அளந்தபோதோ, பதினைந்து தவ் தகடு இறுக்கமும் தளர்ச்சியும் இல்லாமல் சரியாக நுழைந்தது! அளவு சரி, சத்தம் மட்டும் தவறு. நண்பர் என்னைப் பார்த்தார். திருநள்ளாற்றை மறந்துவிடவேண்டாம் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். பாய் சிரித்துக்கொண்டே, "ஃபில்லர் தட்டையா இருக்குதுங்க. ராக்கர் மூக்கு தட்டையா இருக்கான்னு பாக்கணும்" என்றார்.

அதைப் பார்ப்பதற்கு ராக்கர் ஷாஃப்ட்டைக் கழற்றவேண்டும்; கழற்றுவதற்கு எஞ்சின் நன்றாக ஆறவேண்டும்; ரேடியேட்டர் தண்ணீரையும் வடிக்கவேண்டும். இந்த எஞ்சினில் ராக்கர் தாங்கிகளைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை. மற்ற ஹெட் நட்டுகளையும் கூடவே சமமாகத் தளர்த்தாமல் அந்த நான்கை மட்டும் அவிழ்த்தால், ஹெட் முறுக்கிக்கொண்டு தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடக்கூடும். அவசரக்காரர்கள் ஒரு சத்தத்துக்குப் போய் ஓர் எஞ்சினைப் பலிகொடுப்பது இந்த இடத்தில்தான். ஆறட்டும், மத்தியானம் வாங்க என்று எங்களை அனுப்பிவிட்டார்.

நண்பர் பஸ் ஏறி, ஐந்து கிலோமீட்டர் மேற்கே உள்ள திருநள்ளாற்றுக்குப் போனார். நான் பாரதியார் வீதியில் காரைக்கால் அம்மையார் கோயிலுக்குப் போனேன். ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில், மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைக்க, கீழே ஜனங்கள் கையேந்திப் பிடிக்கும் அந்த வீதி, நான் போன பருவத்தில் வெயிலோடு மட்டும் கிடந்தது. அறுபத்துமூவரில் பெண்கள் மூவர். அம்மூவரில் பாட்டெழுதியவர் இந்த அம்மை ஒருவரே. திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடிய பதிகத்திலே, பேய்களின் கூச்சலுக்கும் நரிகளின் ஊளைக்கும் நடுவே, ஏழு ஸ்வரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களையும் வாத்தியங்களின் பெயர்களையும் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். நமக்கு ஒரே இரைச்சலாகக் கேட்கக்கூடிய ஓரிடத்தில், இது இன்ன ஸ்வரம், இது இன்ன கருவி என்று பிரித்துக் கேட்ட செவி அது. அந்தச் சந்நிதியில் நின்றபோது பாயின் திருப்புளி ஞாபகம் வந்ததற்காக என்னை யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மத்தியானம் ஷாஃப்ட் வெளியே வந்தது. ஆறாவது ராக்கரைத் துடைத்து என் கையில் கொடுத்து, மூக்கின் அடிப்பக்கத்தை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடத்தில், நகம் ஒரு பள்ளத்தில் இறங்கி, மறுகரையில் தடுக்கி நின்றது. வால்வின் தலை வருஷக்கணக்காக அடித்து அடித்துத் தன் அளவுக்கே ஒரு குழி வெட்டியிருந்தது. அகலமான ஃபில்லர் தகடு அந்தக் குழியில் இறங்காமல், இரு கரைகளையும் தொட்டுக்கொண்டு மேலோடு போய்விடுகிறது; ஆகவே தகடு பதினைந்து என்று சொல்லும்போது, உண்மையான இடைவெளி பதினைந்தோடு குழியின் ஆழத்தையும் சேர்த்ததாகிவிடுகிறது. டேப்பெட்தான் என்று திருக்கடையூரில் சொன்னவரும் சரிதான். ஆனால் அவர் சொன்னபடி பட்டென்று அட்ஜஸ்ட் செய்திருந்தால், அளவுகோல் சரி என்று சொல்ல, சத்தம் அப்படியே இருந்திருக்கும்.

பழைய ராக்கர்கள் நிறைந்த ஒரு டால்டா டின்னைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக நகத்தால் தடவி, தேய்மானம் இல்லாத ஒன்றைத் தேர்ந்து, எண்ணெய்க் கல்லில் மெருகேற்றிப் போட்டார். எல்லா நட்டுகளையும் கிரமப்படி இறுக்கித் தண்ணீர் ஊற்றியபின், பையன் ஹேண்டிலைப் போட்டு எஞ்சினை மெல்லச் சுற்ற, எட்டு வால்வுகளுக்கும் இடைவெளி வைக்கும் வேலை நடந்தது. அதற்கு இந்த எஞ்சினில் ஓர் அழகான சூத்திரம் உண்டு: முழுக்கத் திறந்திருக்கும் வால்வின் எண்ணோடு எந்த எண்ணைக் கூட்டினால் ஒன்பது வருமோ, அந்த எண்ணுள்ள வால்வைச் சரிசெய்யலாம். எட்டு திறந்திருந்தால் ஒன்று. மூன்று திறந்திருந்தால் ஆறு. "ஒம்பது வரணும் தம்பி, ஒம்பது" என்று பாய் பையனிடம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், நெற்றியில் விபூதியும் கையில் எள்தீபம் ஏற்றிய எண்ணெய்ப் பிசுக்குமாகத் திரும்பிவந்த நண்பர், கிரகங்களும் ஒன்பதுதான் என்று திருப்தியோடு உட்கார்ந்தார்.

ஆயிலை மாற்றிக்கொண்டு மாலையில் புறப்பட்டோம். திருமலைராயன்பட்டினம் வழியாக வாஞ்சூர் எல்லையைத் தாண்டி நாகூர் வரையில் எத்தனையோ பாலங்கள். எஞ்சின் தன் இயல்பான இரைச்சலைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. சனி பகவானின் அனுக்கிரகம் என்கிறார் நண்பர். ராக்கரின் மூக்கு என்கிறேன் நான்.

பழைய வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. டேப்பெட் அளக்கிறவர் யாராக இருந்தாலும், ராக்கரின் மூக்கு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கும்படி முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சத்தத்தை அடக்கக் கனமான ஆயில் ஊற்றுகிறேன் என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். காரைக்காலுக்கே போவதாக இருந்தால், மாலையில் சூடான எஞ்சினோடு போய்ச் சேர்ந்து, இரவு தங்கி, காலையில் ஆறிய எஞ்சினையும் காட்டும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை இரவு மட்டும் வேண்டாம். மறுநாள் திருநள்ளாற்றுக்கு வருகிற கூட்டத்தில் விடுதியில் அறை கிடைப்பது துர்லபம்.